ஜாங்கிரிக்கு எடுத்த பாலிசி

அந்த நாய் இன்சூரன்ஸ் பேப்பர்ல முதல் பக்கத்தை விட்டுத் தள்ளும்மா. அதுல நாயும் சிரிக்கும், குடும்பமும் சிரிக்கும். கடைசிப் பக்கத்தைத் திருப்பு. பொடி எழுத்துல இருக்கு பாரு, அதைப் படி. எல்லாரும் எதுக்கெல்லாம் பணம் வரும்னு பாப்பாங்க. நான் எதுக்கெல்லாம் வராதுன்னுதான் முதல்ல பாப்பேன். ஆடிட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவ நான். காலம் பூரா அடுத்தவங்க எழுதினதுல ஓட்டை கண்டுபிடிச்சுத்தான் சம்பளம் வாங்கினேன்.

பயப்படாம உக்காரு. இவன் கழுத்துப் பட்டையை இறுக்கிப் புடிச்சிருக்கேன், உன் குட்டிகிட்ட வர மாட்டான். டாக்டர் உள்ள ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கிட்டு இருக்காராம், இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. என்ன குட்டி இது, சிப்பிப்பாறையா? நாட்டு நாய்க்கு நோயே வராதும்பாங்க, அதை நம்பி பாலிசி எடுக்காம இருந்துராத. தடுப்பூசி அட்டையைப் பத்திரமா வை. ஒரு ஊசி விட்டுப்போச்சுன்னா அதைச் சாக்கா வச்சே கையை விரிச்சிருவாங்க. வயசு ஏறிட்டா எடுக்கவே மாட்டாங்க. எடுத்த கையோட நோய் வந்தாலும் கிடையாது, முதல் முப்பது நாளு காத்திருக்கணும். ஏற்கனவே இருந்த நோய்க்கு எப்பவுமே கிடையாது. இந்தக் கடைசி ரெண்டையும் நான் ரொம்ப நல்லா மனசுல வச்சுக்கிட்டேன். அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

இவன் பேரு ஜாங்கிரி. சுருண்டு படுத்தா அப்படித்தான் இருப்பான், நிறமும் கிட்டத்தட்ட அதே நிறம். என் மக பெங்களூர்ல வேலை பாத்தப்ப ஆசையா வாங்கினா. கல்யாணம் ஆச்சு, போன இடத்துல நாய் ஆகாதுன்னுட்டாங்க, கொண்டாந்து எங்க தலையில கட்டிட்டா. எங்க வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, இவனை இழுத்துக்கிட்டு நடக்க முடியாது. எனக்கு நாய் முடின்னாலே தும்மல். அப்ப யாரு பாத்துக்கிட்டான்னு கேப்ப. லூர்துதான் பாத்துக்கிட்டா.

லூர்துமேரி. எங்க வீட்ல வேலை செஞ்சவ. வேலைக்காரின்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. யார் கேட்டாலும் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரின்னுதான் சொல்லுவேன். என் மக பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து எங்களோட இருந்தவ. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. இவன் வந்த புதுசுல பயந்துக்கிட்டு கதவுக்குப் பின்னாடி நின்னா. கொஞ்ச நாள்லயே தலைகீழாயிருச்சு. அவ சைக்கிள் சத்தம் தெருமுனையில வந்தாலே இவன் வாசலுக்குப் போயிருவான். அவ சோறு பிசைஞ்சு வச்சாத்தான் தின்பான். நான் வச்சா மோந்து பாத்துட்டு, மரியாதைக்கு ரெண்டு வாய். பாரு, உன் கையை மோந்துக்கிட்டு நிக்கிறான், தடவிக் குடு.

எனக்குப் பாலிசி எடுக்கணும்னு தோணினது பக்கத்து வீட்டு நாயாலதான். அது மாங்கொட்டையை முழுங்கி வச்சு, வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க. ஆன செலவை அந்தம்மா தெருவுக்கே சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் மூணு கம்பெனி பாலிசியை வரவழைச்சு வரி வரியாப் படிச்சேன். ஒண்ணுல காதும் தோலும் கிடையாது. இந்த மாதிரி தொங்கு காது நாய்க்கு காதும் தோலும் இல்லாம என்னத்துக்குப் பாலிசி? இன்னொண்ணுல ஆபரேஷனுக்கு உண்டு, அதுக்கு முன்னாடி எடுக்கிற ஸ்கேனுக்குக் கிடையாது. மூணாவதுதான் எனக்குப் புடிச்சுது. காது, தோல், ஸ்கேன் எல்லாம் உண்டு. அதோட நாய் வெளி ஆளு யாரையாவது கடிச்சு வச்சுட்டா அவங்க வைத்தியச் செலவும் உண்டு. நம்ம ஜாங்கிரி யாரைக் கடிக்கப் போறான், அது எதுக்குன்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. இருந்துட்டுப் போகட்டும்னு அதையும் சேத்து எடுத்தேன்.

பாலிசி கைக்கு வந்து ஒரு வாரம் இருக்கும், இவன் தலையை உதற ஆரம்பிச்சான். லூர்துதான் முதல்ல பாத்தா. காதுக்குள்ள நாத்தம் அடிக்குதுக்கா, டாக்டர்கிட்டக் காட்டிரலாம்னா. நான் வேண்டாம்னுட்டேன். ஏன்னு உனக்கே இப்பத் தெரியும். காட்டினா டாக்டர் அட்டையில தேதி போட்டு எழுதுவாரு. முப்பது நாளுக்குள்ள எழுதிட்டாருன்னா அது ஏற்கனவே இருந்த நோய்னு ஆயிரும். அப்புறம் இவன் ஆயுசுக்கும் காதுன்னு சொல்லிட்டு அவங்ககிட்டப் போக முடியாது. மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா எல்லாத்துக்கும் வழி இருக்கு. அவன் நல்லதுக்குத்தானே யோசிச்சேன்? இதை லூர்துக்கு எத்தனையோ விதமா எடுத்துச் சொன்னேன். அவளுக்கு ஏறவே இல்ல. அவனுக்கு வலிக்கிறது இப்பதானேக்கான்னா.

தெருவுல யார்கிட்டயும் காது வலின்னு வாயைத் திறக்காதன்னு சொல்லி வச்சேன். சாயங்காலம் அவனை நடக்கக் கூட்டிட்டுப் போறதையும் நிறுத்தினேன். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டே நடந்தான், பாக்கிறவங்க என்ன ஏதுன்னு கேப்பாங்க. வீட்டுக்குள்ளயே வச்சு வெதுவெதுப்பா எண்ணெய் விட்டோம். காதுல சீழ் இருக்கும்போது எண்ணெய் விடக் கூடாதாம். இந்த டாக்டர் பின்னாடி சொன்னாரு. எனக்கு என்ன தெரியும்?

மூணாவது வாரம் ஒரு நாள் காலையில லூர்து அவன் காதைத் துடைக்கப் போயிருக்கா. இவன் வெடுக்குன்னு திரும்பி அவ வலது கையைக் கவ்விட்டான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. கவ்வினவன் உடனே விட்டுட்டு மேசைக்கு அடியில போய்ப் பம்மிக்கிட்டான். அவ சத்தம் கூடப் போடல. முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு, அவனை அடிச்சிராதீங்கக்கான்னா. அதைத்தான் முதல்ல சொன்னா.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ஊசியெல்லாம் போட்டாங்க. உள்ள நரம்பு அறுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணினாத்தான் விரல் மடங்கும்னு சொல்லிட்டாங்க. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்தோம். செலவை நாமளே பாத்துக்கலாம், இதுல என்ன யோசனைன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. முடியாதவங்க இல்ல நாங்க, ரெண்டு பேருக்கும் பென்ஷன் வருது. ஆனா எனக்கு மனசு கேக்கல. கடிக்கு உண்டுன்னு போட்டிருக்கு, அதுக்கு முப்பது நாள் கணக்கும் இல்ல, அதுக்கும் சேத்துக் கட்டியிருக்கோம், நாம எதுக்கு விட்டுக் குடுக்கணும்? வீட்டுக்கு வந்து பாலிசியை எடுத்து, இப்ப உன்னைத் திருப்பச் சொன்னேனே அதே கடைசிப் பக்கத்தைப் பாத்தேன். அதுல ஒரு வரியை நான் முன்னாடி படிச்சுட்டு, நமக்கு எதுக்குன்னு தாண்டிப் போயிருக்கேன். கடிபட்டது வீட்டு ஆளா இருந்தாலும் கிடையாது, அந்த வீட்ல சம்பளத்துக்கு வேலை செய்யறவங்களா இருந்தாலும் கிடையாது.

பாலிசி எடுத்துக் குடுத்த தம்பிக்குப் போன் பண்ணினேன். அவன் நேரா எதையும் சொல்லல. வெளி ஆளுன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்னு ரெண்டு தடவை சொன்னான். எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ஆஸ்பத்திரியில லூர்து பக்கத்துல உக்காந்து சொன்னேன். நீ எங்க வீட்ல வேலை செய்யறவ இல்ல, தெருவோட போய்க்கிட்டு இருந்த, கேட் திறந்து கிடந்துச்சு, நாய் ஓடி வந்து கடிச்சிருச்சு. கம்பெனியிலேருந்து கேக்க வர்றவர்கிட்ட இவ்வளவுதான் சொல்லணும், எல்லாம் உன் கைக்காகத்தான்னேன். அதுக்கு அவ, பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை எப்படிக்கா நன்மை வாங்குறதுன்னு கேட்டா. நன்மைன்னா பூசையில நாக்குல அப்பம் வைப்பாங்களே, அது. வேதக்காரங்க அவங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்டச் சொல்லிட்டுத்தான் அதை வாங்கணுமாம். உங்க சாமியார் கேக்காத பொய்யா, இது யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லையேன்னு பேசிப் பேசி ஒத்துக்க வச்சேன்.

ஆபரேஷன் முடிஞ்சு அவ வீட்டுக்குப் போன பிறகு, விசாரிக்க ஆள் வர்றதா கம்பெனியிலேருந்து போன் வந்துச்சு. அவளை வரச் சொன்னேன். வர்றதுக்கு முன்னாடி போன்லயே பாடம் நடத்தினேன். பின்பக்கமா வராத, முன்வாசல்ல நின்னு மணியடி. அக்கான்னு வாயில வந்துரக் கூடாது, மேடம்னு சொல்லு. உள்ள எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி நடந்துக்காத. அவ ஒண்ணு விடாம அப்படியே செஞ்சா. அத்தனை வருஷத்துல அவ எங்க வீட்டு மணியை அடிச்சு நான் கேட்டதில்ல. போய்த் திறந்து, வாங்கம்மான்னேன். சோபாவுல உக்காருங்கன்னேன். வெளி ஆளை நிக்க வச்சுப் பேசினா வந்தவருக்குச் சந்தேகம் வருமே. அவ நுனியில உக்காந்தா. விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான் கோப்பையில காபி குடுத்தேன். அவளுக்குன்னு ஒரு டம்ளர் பின்பக்க ஜன்னல்ல கவுத்தி வச்சிருப்போம், அதுல குடுக்க முடியுமா? இடது கையால அந்தக் கோப்பையை எப்படிப் புடிக்கிறதுன்னு தெரியாம மடியில கொஞ்சம் சிந்திக்கிட்டா.

அப்பதாம்மா எனக்கு உறைச்சுது. அவ எங்க சோபாவுல உக்காந்து நான் பாக்கிறது அதுதான் முதல் தடவை. வீட்டுப் பொண்ணு மாதிரின்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான். வெளி ஆளுன்னு ஆன பிறகுதான் அவளுக்கு எங்க வீட்ல ஒரு இருக்கை கிடைச்சுது. வெக்கமா இருந்துச்சு. விசாரிக்க வந்தவர் பாக்குறாரேன்னு சிரிச்ச முகத்தை மாத்தாம நின்னேன்.

சின்ன வயசுக்காரர்தான் அவரு, மரியாதையாத்தான் கேட்டாரு. கேட் எந்தப் பக்கம், நாய் எப்படி வந்துச்சு, அப்புறம் உடனே யார் உங்களைத் தூக்கினதுன்னு. எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னா. கடைசியா, இந்த வீட்ல இருக்கிறவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டாரு. அவ நிமிந்து என் முகத்தைப் பாத்தா. பாத்துட்டுத்தான் சொன்னா.

"தெரியாதுங்க."

பின்பக்கம் கட்டிப் போட்டிருந்தேன் இவனை. அவ குரலைக் கேட்டதுலேருந்து ஒரே ஊளை. என்ன இப்படி அழுகுதுன்னு அவரு கேட்டாரு. புது ஆளு வந்தா அப்படித்தான்னேன். லூர்து தலையைத் தூக்கவே இல்ல. போகும்போது பின்பக்கம் போய் ஒரு தடவை இவனைப் பாத்துட்டுப் போகணும்னு அவளுக்கு இருந்துச்சு, அது எனக்குத் தெரியாதா. நான் முன் கேட்டைத் திறந்து புடிச்சுக்கிட்டு நின்னேன். நேரா போயிட்டா.

பணம் வந்துச்சு. கேட்டது முழுசா வந்துச்சு. முப்பது நாள் முடிஞ்ச மறுநாளே இவனை இங்க கூட்டிட்டு வந்தேன், காதுக்கும் வந்துச்சு. ஆரம்பத்துலயே கொண்டாந்திருந்தா சொட்டு மருந்தோட போயிருக்கும், இப்ப உள்ள தடிச்சுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இன்னும் எத்தனை தடவை வரணுமோ தெரியல. ஆனா பேப்பர்ல ஒரு குறை கிடையாது. அந்த மாங்கொட்டை நாய்க்காரம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, உங்க மூளைதாங்க மூளை, எங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னாங்க. என்னால அவங்க முகத்தைப் பாக்க முடியல. லூர்து எங்க வீட்ல யாருன்னு அந்தத் தெருவுக்கே தெரியுமே. எல்லாரும் பேசாம இருந்தாங்க. இருந்ததோட நிக்காம மெச்சவும் செஞ்சாங்க.

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத, வம்பாயிரும்னு அவகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாம் அடங்கின பிறகு வாடின்னு போன் பண்ணினா எடுக்கல. நடுவுல வந்த வேலைக்காரங்க ரெண்டு பேரும் நாயைக் கண்டு ஓடிட்டாங்க. இவனும் சோத்தைத் தொடுறதில்ல. ஒரு சேலையும் பழமும் வாங்கிக்கிட்டு பாலக்கரையில அவ வீட்டுக்கே போனேன்.

வாசலுக்கு வந்து, வாங்க மேடம்னா. இங்கதான் யாரும் இல்லையே, அக்கான்னே கூப்பிடுன்னேன். அவ முகத்துல கோவம் இல்ல, கோவம் இருந்திருந்தா எனக்குப் பேச வந்திருக்கும். கட்டை விரல் பாதிதான் மடங்குது. தேங்காய் துருவ முடியலையாம், பூக் கட்ட வரலையாம், சைக்கிள் ஹேண்டில் புடிக்க முடியாம நடந்துதான் போறாளாம். கேட்டதுக்குப் பதிலாச் சொன்னா, குறையாச் சொல்லல. வேலையே செய்ய வேண்டாம், வந்து ஜாங்கிரியை மட்டும் பாத்துக்க, சம்பளத்தைக் கூட்டித் தர்றேன்னேன். இவன் பேரைக் கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு. காது எப்படி இருக்குன்னு கேட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"அந்தப் பொய் உறுத்திக்கிட்டே இருந்துச்சு மேடம். சாமியார்கிட்டச் சொல்லிரலாம்னு போய் முட்டி போட்டேன். உங்களைத் தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னு சொல்லிட்டேன், அதுதான் பாவம்னு சொல்லணும். வாயில வரும்போது யோசிச்சேன். அது பொய்யாவே தெரியல. எந்திரிச்சு வந்துட்டேன்."

சேலையை வாங்கிக்கல. பழத்தை மட்டும், வந்தவங்களைச் சும்மா அனுப்பக் கூடாதுன்னு ரெண்டு எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் குடுத்தா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் அந்தச் சந்துல நடந்து வந்ததை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது. ஆடிட்ல எத்தனையோ பேரைத் தலைகுனிய வச்சிருக்கேன், நான் குனிஞ்சதில்ல.

ஒண்ணு உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேம்மா. அவ காதைத் துடைக்கப் போனான்னு சொன்னேன்ல. அவ போகல. இன்னைக்கு வேண்டாம்க்கா, ரொம்ப வலியில இருக்கான், கிட்டப் போனாலே உறுமுறான்னு சொன்னா. ஒண்ணும் பண்ண மாட்டான், நீ தலையைக் கெட்டியாப் புடின்னுட்டு நான்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். அவ புடிச்சா, நான் ஊத்தினேன். எங்க வீட்டுக்காரர் அப்ப பால் வாங்கப் போயிருந்தாரு, அவருக்குக் கூட இது தெரியாது. லூர்து இத்தனை பேர் கேட்டும் யார்கிட்டயும் இதைச் சொல்லல. உன்கிட்ட ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல. உன்னைத் திரும்பப் பாக்கப் போறதில்லைங்கிற தைரியமா இருக்கும்.

இதோ, ஜாங்கிரின்னு கூப்பிடுறாங்க. வந்துட்டோம் டாக்டர்.

ஏம்மா, ஒரு ஒத்தாசை பண்றியா? உள்ள வந்து இவன் தலையைக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்க. கம்பவுண்டருக்கு அடங்க மாட்டேங்குறான், வாய்க்குக் கட்டுப் போட்டாலும் உதறிடுறான். நீ தடவிக் குடுத்தா சும்மா இருக்கான், நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உன் குட்டியைப் பக்கத்துல உக்காந்திருக்கிற இந்த அம்மாகிட்டக் குடுத்துட்டு வா. பயப்படாத, ஒண்ணும் பண்ண மாட்டான். அப்படியே பல்லு கில்லு பட்டாலும் உனக்குச் செலவு கிடையாது. நீ வெளி ஆளு, பாலிசியில உனக்கு உண்டு.

என்னம்மா அப்படிப் பாக்குற?

நான் என்ன சொன்னேன் இப்ப.

நீ உக்காரும்மா. குட்டியை மடியிலயே வச்சுக்க. வாடா ஜாங்கிரி, எந்திரி. நானே புடிச்சுக்கிறேன். கடிச்சாக் கடிக்கட்டும். வீட்டு ஆளுக்குக் கிடையாது.